சிவப்புக் கம்பியில் கறுப்பு

மாலை நாலு மணிக்குள் வேறு ஆள் அகப்படாவிட்டால் வளர்மதி ஜெயிலுக்குப் போவாள். இப்போது மணி பதினொன்றரை. நேரம் இப்படிக் கழுத்தைப் பிடிக்கும்போதுதான் இளவரசனின் ஸ்கூட்டர் திருவண்ணாமலை ரோட்டில் இரண்டு தடவை படுத்தது.

“நீங்க எறங்குனா போதும்க்கா, அதுவா ஓடும்” என்றான் இளவரசன்.

“உன் வாய்ல பெட்ரோல் ஊத்தி ஓட்டியிருந்தா இந்நேரம் மெட்ராஸே போயிருக்கலாம்” என்றாள் சாமுண்டீஸ்வரி, இறங்காமலே.

சாமுண்டீஸ்வரி செஞ்சி காந்தி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கிறாள். பத்தில் ஒன்பது வேலை, மாப்பிள்ளை குடிக்கிறானா, முன்னமே எங்காவது தாலி கட்டியிருக்கிறானா என்று விசாரிப்பது. இளவரசன் அவளுடைய உதவியாள், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். வயது நாற்பது. சாவு சம்பந்தப்பட்ட வேலை அவனுக்கு ஆகாது. மாப்பிள்ளைகளைப் பற்றி எதைச் சொன்னாலும் திருப்பித் திட்டுவார்கள், மனசு ஆறிவிடும். செத்தவர்கள் திட்டுவதில்லை.

செத்தவள் அறிவுமதி. இருபத்தெட்டு வயது, வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். ராஜகிரி மலை அடிவாரத்தில் பிரசாந்த் என்பவர் நடத்தும் சின்ன நானோ கம்பெனியில் அவள் ஒருத்திதான் விஞ்ஞானி. ஞாயிற்றுக்கிழமை தனியாக வேலை செய்தபோது ஆசிட் புகையில் மூச்சு முட்டி இறந்துபோனாள். அங்கே பெருக்கிக் கழுவுகிற வளர்மதிக்கு ஒரு பழக்கம் உண்டு. கிளம்பும்போது கண்ணில் படுகிற ஸ்விட்சையெல்லாம் அணைத்து, தாழ்ப்பாளும் போட்டுவிட்டுத்தான் படி இறங்குவாள். அன்று காலை பத்தரைக்கு அவள் வந்து போனதை எதிர் டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் பிணத்தைக் கண்டபோது புகையை வெளியே தள்ளும் விசிறி அணைந்திருந்தது, கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் தாண்டவராயனுக்கு அதுவே போதும். புதன்கிழமையான இன்று காலையில் வளர்மதியைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

ஒத்துக்கொள்ளாதவர் ஒரே ஒருவர். செத்த பெண்ணின் அப்பா பீமாராவ், அனந்தபுரத்துக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர்.

“எம் பொண்ணு தெனம் அந்தம்மா பேச்சத்தான் பேசும். அது பண்ணியிருக்காது. யார்னு எனக்குத் தெரியணும்” என்று காலை எட்டு மணிக்கே ஆபீஸ் படியேறி வந்து சொன்னார். அழவில்லை. அழுதிருந்தால் இளவரசனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

பிரசாந்த் கம்பெனி ஷெட்டு வாசலிலேயே காத்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டை. மூன்று நாளைக்கு முன் ஒரு பெண் செத்த இடம் என்பது அந்த முகத்தில் ஒரு ஓரத்திலும் இல்லை. கம்பெனியைச் சுற்றிக் காட்டச் சொன்னதும் சந்தோஷமாகக் காட்ட ஆரம்பித்தார்.

“இதுதான் கார்பன் நானோ குழாய்” என்று ஒரு சீசாவை நீட்டினார்.

“கண்மை மாதிரி இருக்குது சார்” என்றான் இளவரசன்.

“ஒவ்வொண்ணும் ஒரு குழாய். உங்க தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிசு.”

“என் தலைய வச்சு அளக்காதீங்க சார். செஞ்சி போர் தண்ணியில குளிச்சு குளிச்சு அது ராஜகிரி பாறை மாதிரி ஆயிடுச்சு.”

பிரசாந்த் சிரித்துவிட்டு விளக்கினார். விலைக்கு வாங்கும் பொடியில் இரும்பும் கரியழுக்கும் கலந்திருக்கும். நைட்ரிக் ஆசிட்டில் மூன்று மணி நேரம் கொதிக்க வைத்தால் அழுக்கு கரையும். பிறகு வடிதாளில் ஊற்றி, ஆசிட் போகிற வரை கழுவ வேண்டும். காய வைத்து ஸ்பிரிட்டில் போட்டால் கட்டி கட்டியாக அடியில் படியும். ஒலி அலையால் குலுக்குகிற மெஷினில் வைத்தால் மை மாதிரி கலந்து நிற்கும். அந்த மையில் இரண்டு ஸ்டீல் தகடுகளை நிறுத்தி கரன்ட் கொடுத்தால், பொடி நீந்திப் போய் ஒரு தகட்டில் ஒட்டிக்கொள்ளும்.

“எந்தத் தகட்டுல?” என்று கேட்டாள் சாமுண்டீஸ்வரி.

“நல்ல கேள்வி மேடம். ஆசிட்ல குளிச்ச பொடி, தானா விட்டா பாசிட்டிவ் பக்கம் ஓடும். சிவப்பு வயர் பக்கம். நெகட்டிவ் பக்கம் இழுக்கணும்னா ஊர்ல எல்லாரும் ஒரு சிட்டிகை மெக்னீசியம் உப்பு போடுவாங்க. எங்களோடதுல உப்பே கிடையாது. இருந்தாலும் கறுப்பு வயர்லதான் வந்து ஒட்டும். நகத்தால சுரண்டினாலும் வராது. ஏன்னு அறிவுமதிக்கே தெரியாது. கைராசின்னு வச்சுக்குங்க.”

“மாறினதே கெடையாதா?”

“ஒரே ஒரு தடவை சிவப்புல ஒட்டிடுச்சு. பொண்ணு ஆடிப்போயிட்டா. கையெல்லாம் கரி, கண்ணுல தண்ணி. நான்தான் சமாதானம் சொன்னேன்.”

சாமுண்டீஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டு அலமாரியிலிருந்த அறிவுமதியின் நோட்டை எடுத்துப் புரட்டினாள். நாற்பத்தொரு சோதனைகள், நாற்பத்தொரு பக்கங்கள். சனிக்கிழமையோடு நின்றிருந்தது. அதற்கடுத்த தாள் இருந்த இடத்தில் தையல் நூலோரம் பொடிப்பொடியாகக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“திங்கக்கிழம யாரோ பெங்களூர்க்காரங்க வர்றதா இருந்தாங்களாமே?”

“ஆமா மேடம். எத்தனை தடவை செஞ்சாலும் இதே மாதிரி வரும்னு அறிவுமதி கையெழுத்து போட்டுக் கொடுத்தா ஆர்டர் நமக்கு. நல்லவேளை, சனிக்கிழமையே போட்டுட்டா.”

நல்லவேளை என்ற சொல்லைக் கேட்டதும் இளவரசன் அங்கிருந்து நகர்ந்தான். ஆசிட் அறையின் கதவைத் தள்ளி உள்ளே போனான். கதவின் உள்பக்கம் உள்ளங்கைகள் கறுப்பாகப் பதிந்திருந்தன. தோள் உயரத்தில் இரண்டு, இடுப்பு உயரத்தில் இரண்டு, கடைசியாகத் தரைக்கு ஒரு சாண் மேலே ஒன்று. போலீஸ்காரர்கள் அதை லேப் அழுக்கு என்று எழுதியிருந்தார்கள். இளவரசனுக்கு அதற்கு மேல் ஜோக் எதுவும் வரவில்லை.

விசிறியின் ஸ்விட்சு அறைக்கு வெளியே இருந்தது. உள்ளே வைத்தால் ஆசிட் புகை தின்றுவிடுமாம்.

“மூச்சு வாங்கணும்க்கா” என்று அவன் கொல்லைப்புறம் போனான். அங்கே ஒரு செம்பருத்திப் புதர் கண்ணைப் பறித்தது. செஞ்சியில் போர் தண்ணீர் ஊற்றி வளர்த்த எந்தச் செடிக்கும் இலையோரம் கருகி, மண்ணில் வெள்ளை பூத்திருக்கும். இது மட்டும் பணக்கார வீட்டுப் பிள்ளை மாதிரி தளதளவென்று நின்றது. பக்கத்தில் காலி கேன்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற, உப்பில்லாத சுத்தத் தண்ணீர் வந்த கேன்கள். கழுவும் தொட்டியில் போர் குழாய்க்கு நேர் கீழே படிந்திருந்த உப்புப் பொருக்கோ தாரில் தோய்த்ததுபோல் கறுத்திருந்தது. பொருக்கில் ஒரு துண்டைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டான்.

“செடிக்கு மினரல் வாட்டர், பொடிக்கு போர் வாட்டர்க்கா” என்று முன்பக்கம் வந்து சொன்னான்.

சாமுண்டீஸ்வரி, இன்ஸ்பெக்டர் அனுப்பியிருந்த திங்கட்கிழமைப் போட்டோக்களை போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் கண்ணாடித் தொட்டி, அதில் இரண்டு தகடுகள். ஒன்று பளபளவென்று, இன்னொன்று அட்டைக்கறுப்பாக. கறுத்த தகட்டைக் கவ்வியிருந்த வயர் சிவப்பு.

“வண்டிய எடு. போற வழியில அவலூர்பேட்டைக்கு, வளர்மதி தங்கச்சிக்கு ஒரு போன் போடு” என்றாள்.

காவல் நிலையத்தில் வளர்மதி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து வயது. பழக்க தோஷத்தில் பக்கத்து மேசையின் தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பீமாராவ் காலையிலிருந்தே வாசற்படியில்தான் நிற்கிறாராம். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் பரவாயில்லை என்கிறாராம்.

“அதான் ஒத்துக்கிச்சே, அப்புறம் இன்னாத்துக்கும்மா அலையிற?” என்றார் தாண்டவராயன்.

“ரெண்டே நிமிஷம் சார்” என்று சாமுண்டீஸ்வரி வளர்மதிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். “சனிக்கிழம சாயந்திரம் அந்தக் கண்ணாடித் தொட்டியில இன்னா இருந்திச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. கழுவிக் கவுத்துட்டுத்தான் போனேன்.”

“ஞாயித்துக்கிழம?”

“லீவு சொல்லத்தான் போனேன். அவலூர்பேட்டையில தங்கச்சி புள்ளைக்குக் காது குத்து. அறிவுமதி பாப்பா அடுப்பாண்ட நின்னுக்கினு இருந்திச்சு. போய்ட்டு வாக்கா, நானே கழுவிக்கிறேன்னுச்சு.”

“ஸ்விட்ச அணைச்சியா?”

வளர்மதி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தெர்லக்கா. சத்தியமா தெர்ல. கை அதும்பாட்டுக்குப் போயிடுது. வூட்ல நைனா படுத்துக்கினு இருக்கசொல்லவே பேன அணைச்சுட்டுத் திட்டு வாங்குவேன். அணைச்சிருப்பேன். தாழும் போட்டிருப்பேன். நான்தான் கொன்னுட்டேன்.”

“பொடிய தெனம் கழுவுறது நீதான?”

“ஆமா.”

“எந்தத் தண்ணியில?”

“கேன் தண்ணிதான்” என்று சட்டென்று வந்தது பதில். கொலையை ஒத்துக்கொண்டபோது நடுங்காத குரல் இதற்கு நடுங்கியது.

சாமுண்டீஸ்வரி இன்னொரு தடவை கேட்டாள். மறுபடியும் கேன் தண்ணி. இளவரசன் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து, கறுத்த உப்புப் பொருக்கைப் பெஞ்சின்மேல் வைத்தான்.

“கேன் தண்ணியில செம்பருத்தி நல்லா வந்திருக்குதும்மா” என்றான்.

வளர்மதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீலத் தாளு ஒண்ணு குடுப்பாங்கக்கா. கழுவுன தண்ணியில நனைச்சா செவக்கக் கூடாது. கேன் தண்ணியில இருவது தடவ ஊத்தினாலும் செவந்துக்கினேதான் இருக்கும். போர் தண்ணியில மூணே தடவ. தாளு நீலமா நிக்கும். கேன் தண்ணிய செடிக்கு ஊத்திடுவேன். நாலரை பஸ்ஸ வுட்டா எனக்கு ஆறரைக்குத்தான் பஸ்ஸு. பாப்பா தெனம் கேக்கும், கேன் தண்ணிதானக்கான்னு. ஆமான்னுடுவேன். வேல போயிடும்னு பயம். வேற ஒண்ணுமில்லக்கா.”

“அய்ய, இதுக்கும் சாவுக்கும் இன்னா சம்பந்தம்?” என்றார் தாண்டவராயன்.

“நம்ம ஊரு தண்ணியில இல்லாத உப்பா சார்?” என்றாள் சாமுண்டீஸ்வரி. “மத்தவங்க சிட்டிகை கணக்குல போடுற மெக்னீசியம் போர் குழாய்லயே வருது. மிச்ச ஆசிட்டோட சேர்ந்து அது பொடியில ஒட்டிக்கிச்சு. பொடி கறுப்பு வயர் பக்கம் போச்சு. நாப்பத்தொரு தடவையும் போச்சு. அந்தப் பொண்ணு அதத் தன் வேலையோட குணம்னு நெனச்சுக்கினு இருந்திச்சு. ஞாயித்துக்கிழம இந்தம்மா லீவு. பொண்ணு தானே கழுவுது, நெஜமான கேன் தண்ணியில, ஒழுங்கா. பொடி எங்க போவும்?”

“சிவப்பு வயருக்கு” என்றான் இளவரசன். போட்டோவை இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“சனிக்கிழம கவுத்து வச்ச தொட்டியில இந்தத் தகடு எப்படி வந்திச்சு? ஞாயித்துக்கிழம செஞ்சதுதான். எட்டரைக்கே கொதிக்க வச்சிருந்தாலும், கழுவி, காயவச்சு, குலுக்கி, தகட்டுல ஏத்த சாயந்திரம் நாலு ஆவும். அப்படின்னா நாலு மணிக்குப் பொண்ணு உசுரோட இருந்திருக்குது. அடுப்புல நீங்க பார்த்த ஆசிட் காலையில வச்சது இல்ல சார். தப்பா வந்திடுச்சுன்னு பயந்து, மொதல்லேர்ந்து திரும்ப வச்ச ரெண்டாவது ஆசிட்.”

இளவரசன் அவலூர்பேட்டையிலிருந்து வந்த வீடியோவை ஓட விட்டான். ஞாயிறு மாலை ஐந்து மணி பத்து நிமிடம். வளர்மதி பட்டுப்புடவையில், வீறிட்டு அழுகிற குழந்தையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஆசாரி காது குத்துகிறார்.

“இவங்க அணைச்சிருந்தா பத்தரைக்கே அணைஞ்சிருக்கும். பொண்ணு நாலு மணி வரைக்கும் வேல செஞ்சிருக்காது” என்றாள் சாமுண்டீஸ்வரி.

வளர்மதி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக வெட்டி எறிய நினைத்த கை. “அப்போ நான் இல்லியா?” என்று குழந்தை மாதிரி கேட்டாள்.

சரியாக அந்த நேரம் பிரசாந்த் வந்தார், வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட. இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், இரண்டு மணிக்கு வந்தார். நேரம் தவறாதவர்.

“சார், ஒரே ஒரு சந்தேகம்” என்றாள் சாமுண்டீஸ்வரி. “ஒரே தடவ சிவப்புல ஒட்டிச்சு, பொண்ணு கையெல்லாம் கரி, கண்ணுல தண்ணின்னீங்களே. அது எப்போ?”

“போன மாசம் இருக்கும்.”

“நோட்டுல நாப்பத்தொண்ணும் கறுப்பு வயர்தான் சார். சிவப்புல ஒட்டினது ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு. அன்னைக்கு நீங்க மெட்ராஸ்ல கல்யாணத்துல இருந்ததா எழுதிக் குடுத்திருக்கீங்க. அந்தக் கண்ணீர எங்கேர்ந்து பார்த்தீங்க?”

பிரசாந்தின் பேனா மூடியிலேயே நின்றது. “போன்ல சொன்னா.”

“அடிவாரத்துல டவரே கெடையாது சார். அந்தப் பொண்ணு போன்ல கடைசி கால் காலையில ஏழு மணி, அப்பாவுக்கு. அதோட கையில கரி இருக்குதுன்னு போன்ல எப்படித் தெரிஞ்சிச்சு?”

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கேட்டதற்கு மேலேயே கத்தியிருந்தது. தாண்டவராயன் போனை எடுத்து டோல்கேட்டுக்குப் பேசினார். காரின் நம்பரைச் சொன்னார். காலை பதினோரு மணிக்குச் செத்தாள் என்று நம்பியதால் அவர் மாலைக் கணக்கைக் கேட்கவே இல்லை. மறுமுனை மூன்று நிமிடத்தில் பதில் சொன்னது. ஞாயிறு, மாலை மூன்று ஐம்பது, திண்டிவனத்திலிருந்து செஞ்சிப் பக்கமாக.

பிரசாந்த் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை அப்போதும் கலையவில்லை.

“சனிக்கிழமை போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்குறேன்னு சொல்லிட்டா” என்றார். “காரணம் தெரியாம உத்தரவாதம் கொடுக்க மாட்டேன், திங்கட்கிழமை அவங்ககிட்டயே சொல்லிடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னா. ஆறு வருஷ உழைப்பு சார் என்னோடது. வளர்மதி ஸ்விட்சை அணைக்கிற விஷயம் ஊருக்கே தெரியும்.”

“எவ்ளோ நேரம் கதவத் தட்டுச்சு?” என்றார் தாண்டவராயன்.

“பத்து நிமிஷம் இருக்கும். நான் கார்ல பாட்டு வச்சுட்டேன்.”

வாசலில் நின்ற பீமாராவ் நிலையைப் பிடித்துக்கொண்டார். இளவரசன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு ஆளை நிஜமாகவே கொல்ல ஆசைப்பட்டான். கான்ஸ்டபிள் ஒருவர் பிரசாந்தை உள்ளே கூட்டிப் போனார். போகும்போது அவர் மேசையில் கிடந்த தன் பேனாவை மறக்காமல் எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“நீ போலாம்மா” என்றார் இன்ஸ்பெக்டர்.

வளர்மதி எழுந்திருக்கவில்லை. படிப்பில்லாதவள்தான், ஆனால் சாமுண்டீஸ்வரி சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தாள். கேட்டதை இப்போது தனக்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கே போய் முட்டப் போகிறாள் என்பது இளவரசனுக்குத் தெரிந்துவிட்டது. அவசரமாக, “வாங்க, வண்டியில கொண்டுபோய் வுடுறேன்” என்றான்.

“அக்கா” என்றாள் வளர்மதி அவனைப் பார்க்காமல். “போர் தண்ணின்னு நான் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உண்மைய சொல்லியிருந்தா, அன்னைக்குப் பாப்பா ரெண்டாவது தடவ ஆசிட் வச்சிருக்காதுல்ல?”

பொய் சொல்லுங்கக்கா என்று இளவரசன் மனசுக்குள் கெஞ்சினான். கல்யாணத் தரகர்களிடமும் மாமியார்களிடமும் கூசாமல் புளுகுகிற வாய்தானே, இன்றைக்கு ஒரு பொய் சொன்னால் குறைந்தா போய்விடும். சாமுண்டீஸ்வரி ஒரு நிமிடம் பீமாராவைப் பார்த்தாள். யாரென்று எனக்குத் தெரியணும் என்று கேட்டவர் அவர்.

“வச்சிருக்காது” என்றாள். “தகடு ஏன் மாறிச்சுன்னு புரிஞ்சிருக்கும். கதவப் பூட்டிக்கினு நாலரை பஸ்ஸ புடிச்சிருக்கும். அவன் வர்றப்ப ஷெட்டுல யாரும் இருந்திருக்க மாட்டாங்க.”

வளர்மதி எழுந்து இன்ஸ்பெக்டரின் மேசைக்குப் போனாள். இரண்டு கைகளையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினாள்.

“என்னையும் எழுதிக்குங்க சார்.”

“தண்ணி மாத்தி ஊத்தினதுக்கெல்லாம் சட்டத்துல செக்‌ஷன் இல்லம்மா” என்றார் தாண்டவராயன், எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். “வூட்டுக்குப் போ.”

பீமாராவ் வாசற்படியிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கி, அவள் போவதற்கு வழி விட்டு நின்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வழி திறந்துதான் கிடந்தது. வளர்மதி கைகளை நீட்டியபடியே மேசைக்கு முன்னால் நின்றாள்.